இந்தூர் சின்க்ரோட்ரானில் என்னதான் இருக்கிறது?

இந்தூரில் சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை அதிவேகமாகச் சுழற்றி எக்ஸ்ரே போன்ற ஒளியை உண்டாக்கும் வளைய இயந்திரம்) எப்போது வந்தது, உள்ளே என்ன கருவிகள் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றல்ல, இரண்டு. அங்குள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் இன்டஸ்-1 1999-லும், பெரியதான இன்டஸ்-2 2005-லும் ஓடத் தொடங்கின.

முதலில் மைக்ரோட்ரான் என்ற சிறிய முடுக்கி எலக்ட்ரான்களை 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) அளவுக்குத் தள்ளும். அப்புறம் பூஸ்டர் என்ற அடுத்த முடுக்கி அதை 550 மெகா வரை ஏற்றி, 172.5 மீட்டர் சுற்றளவுள்ள இன்டஸ்-2-க்குள் விட, அங்கே 2.5 கிகா (2,500 மெகா) வரை போகும். வளையம் என்கிறோமே தவிர முழு வட்டம் கிடையாது. நேர்க்குழாய்களுக்கு நடுவே 16 காந்தங்கள் பாதையை வளைக்கின்றன. ஈரக் குடையைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்குமே, அந்த மாதிரி வளைவில் எக்ஸ்ரே தெறிக்கும்.

அதை வெளியே கொண்டுவரும் குழாய்தான் பீம்லைன். அதிலுள்ள சிலிக்கான் படிகம் வேண்டிய அலைநீளத்தை மட்டும் பொறுக்கியெடுக்கும். கடைசியில், ஈயத்தகடு போர்த்திய அறையில் ஆராயவேண்டிய பொருளின் கடுகளவு துண்டு காத்திருக்கும். கதவைச் சாத்தாமல் கதிர் உள்ளே வராது.

என்னைக் கேட்டால் காந்தங்களைவிடப் பெரிய வித்தை வெற்றிடம்தான். குழாயில் காற்று கொஞ்சம் கூடினாலும், மணிக்கணக்கில் சுற்றவேண்டிய எலக்ட்ரான்கள் மோதிச் சிதறிவிடும்.