நான்கிலும் கையெழுத்துப் போட்ட ரோஜர் ஷெர்மன்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான ரோஜர் ஷெர்மன் செருப்புத் தைத்தவர் என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: உண்மைதான். 1721-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அப்பாவிடம் அந்தத் தொழிலைக் கற்றார். 1743-இல் கனெக்டிகட்டின் நியூ மில்ஃபோர்டுக்குக் குடிபோய், அண்ணனோடு கடை வைத்தார், நிலம் அளந்தார், பஞ்சாங்கமும் போட்டார்.

கேள்வி: சட்டக் கல்லூரிக்கே போகாமல் வக்கீல் ஆக முடிந்ததா?

பதில்: அன்று அங்கே சட்டக் கல்லூரி ஏது? ஒரு வக்கீலிடம் எழுத்தராக இருந்து பழகுவதுதான் வழக்கம். இவர் தானே படித்து 1754-இல் சன்னது வாங்கினார். மறு வருஷமே கனெக்டிகட் சட்டசபை உறுப்பினர்!

கேள்வி: அவர் கையெழுத்துப் போட்ட நான்கு ஆவணங்கள் எவை?

பதில்: பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்த 1774 உடன்படிக்கை, 1776 சுதந்திரப் பிரகடனம், மாநிலங்களை முதலில் இணைத்த கூட்டமைப்பு விதிகள், அவற்றுக்குப் பதிலாக வந்த 1787 அரசியலமைப்பு. நான்கிலும் கையெழுத்துப் போட்டவர் இவர் ஒருவரே.

கேள்வி: 'கனெக்டிகட் சமரசம்' என்றால்?

பதில்: 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு எழுதக் கூடிய மாநாட்டில், பெரிய மாநிலங்கள் நாடாளுமன்றத்தில் ஆள்தொகைப்படி இடம் கேட்டன. சின்ன மாநிலங்களோ எல்லா மாநிலத்துக்கும் சம ஓட்டு என்று பிடிவாதம் பிடித்தன. ஜூன் 11 அன்று ஷெர்மன் ஒரு வழி சொன்னார்: ஒரு சபையில் ஆள்தொகைப்படி, மற்றதில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. அன்று தோற்றது. மனுஷர் விடவில்லை. ஜூலை 16-இல் அதே யோசனை கொஞ்சம் உருமாறி, 5 மாநிலங்களுக்கு 4 என்ற கணக்கில் தேறியது. ஆள்தொகை மிகுந்த கலிஃபோர்னியாவுக்கும் மிகக் குறைந்த வயோமிங்குக்கும் இன்று செனட் என்கிற அந்த மற்ற சபையில் ஆளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருப்பது அதனால்தான். நியாயமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அது இல்லாமல் மாநாடே கலைந்திருக்கும்.

கேள்வி: ரொம்பப் புகழ்கிறீர்கள். குறையே கிடையாதா?

பதில்: உண்டே. அடிமை வியாபாரம் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே, இருப்பது இருக்கட்டும் என்று அதே மாநாட்டில் விட்டுக்கொடுத்தார். ஒற்றுமைக்காக என்பது அவர் சமாதானம். விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ.

கேள்வி: குடிமக்களின் உரிமைகளைக் காக்க அரசியலமைப்பில் திருத்தங்களாகச் சேர்ந்த உரிமைகள் சாசனத்தையும் எதிர்த்தாராமே?

பதில்: முதலில் ஆமாம், மாநிலச் சாசனங்களே போதும் என்றார். 1789-இல் பிரதிநிதிகள் சபையில், அந்தத் திருத்தங்களை முன்வைத்த ஜேம்ஸ் மேடிசன் அவற்றை மூல வாசகத்துக்குள்ளேயே செருகப் பார்த்தார். ஷெர்மனோ, மக்கள் ஏற்ற மூலத்தில் கைவைக்காதீர்கள், கடைசியில் தனியாகச் சேருங்கள் என்று மல்லுக்கு நின்று ஜெயித்தார். இன்றைக்கும் அந்த அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள்: திருத்தங்கள் எல்லாம் வாலில்தான் இருக்கும்.