வலியே இல்லை என்றார் அம்மா

வாசகர் கேள்வி: நான் திருவனந்தபுரம் அருகே கழக்கூட்டத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். அம்மா குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக் கடற்கரையில் தனியாக இருக்கிறார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுச் செபமாலையை மட்டும் நம்புகிறார். தொலைபேசியில் பலமுறை விளக்கிவிட்டேன். கால் விரல் புண்ணுக்கு அடுத்த வீட்டு அக்காதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இப்போது, "வலியே இல்லை, மாதா குணமாக்கிவிட்டாள்" என்கிறார் அம்மா. தும்பாவில் தேவாலயமே ராக்கெட்டுக்கு வழிவிட்டது. விசுவாசம் அறிவியலுக்கு வழிவிட வேண்டியதுதானே?

பதில்: தம்பி, அம்மாவின் மூடநம்பிக்கைக்குச் சான்றாக நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "வலியே இல்லை" என்ற இரண்டு சொற்களைப் படித்ததும் நான் பதறிவிட்டேன். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுத்து, ரத்த ஓட்டத்தையும் குறைப்பதால், புண் உள்ளே ஆழமாகிக்கொண்டிருக்கும்போதே வலி தெரியாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் விரலையோ காலையோ எடுக்கும் நிலையும் வரலாம். அந்த வலியின்மையை அம்மா அருள் என்று எண்ணினார், நீங்கள் அறியாமை என்று எண்ணினீர்கள். அது நோயின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அறிவியலின் பெயரால் பேசும் உங்களைத்தான் சொல்வேன். அம்மாவின் சர்க்கரை அளவு எவ்வளவு, மருத்துவர் என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அவையெல்லாம் அடுத்த வீட்டு அக்காவுக்குத் தெரிந்திருக்கும். அளக்காமலும் நேரில் பாராமலும் முடிவு சொல்வதை எந்த ஆய்வுக்கூடம் ஏற்கும்?

தும்பாவையும் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தக் கடற்கரையை அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்தபோது, அங்கே மகதலா மரியாள் ஆலயமும் மீனவர் குடியிருப்பும் இருந்தன. இந்திய விண்வெளி ஆய்வைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவை நேரில் போய்ப் பார்த்தார். ஆயர் ஞாயிறு திருப்பலியில் மக்களிடம் கேட்டார். மக்கள் சம்மதித்து இடம்பெயர்ந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அறிவியல் வாசலில் வந்து நின்று கேட்டதால் விசுவாசம் மனமுவந்து கொடுத்தது. நீங்கள் அம்மாவின் வாசலுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? மாலையானால் அந்த வீட்டில் அவர் பேசுவதைக் கேட்க மாதாவைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மாத்திரையை நிறுத்தியது தவறுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அம்மாவின் விவிலியத்திலேயே சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துகளை நிலத்திலிருந்து ஆண்டவரே உண்டாக்கினார் என்கிறது. அதை அவர் அருகில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஆனால் செபமாலையைப் பழிக்காதீர்கள். 2017இல் ஒகிப் புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கை எட்டாத அந்த இரவுகளில், நம் கரைப் பெண்களின் கையில் இருந்தது அதுதான். காற்று ஏன் திரும்பியது என்று வானிலை அறிவியல் விளக்கும். திரும்பாத மகனுக்காக விடியும்வரை உட்கார்ந்திருக்கும் பலத்தை அது தருவதில்லை, தருவதாகச் சொன்னதும் இல்லை. விசுவாசம் என்று நான் அறிந்தது அந்தப் பலத்தைத்தான். புண் எதனால் ஆறும் என்ற கேள்விக்கு அதனிடம் விடை தேடக் கூடாது.

பெற்றவளின் காலைப் பார்ப்பது மகனின் கடமை. சனிக்கிழமைக்குக் காத்திராமல் நாளைக்கே விடுப்பு எடுங்கள். பெரிய வியாழனன்று பங்குத்தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவுவதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். அதே பணிவோடு அம்மாவின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போய், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை அளக்கவும், மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கவும் கேளுங்கள். நிறுத்திய மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அவரே சொல்லட்டும். மாலையில் அம்மா செபமாலை எடுக்கும்போது, உங்களுக்கு விசுவாசம் இல்லாவிட்டாலும், பக்கத்தில் உட்காருங்கள். கழக்கூட்டத்துக்குத் திரும்பும் முன் அடுத்த வீட்டு அக்காவைப் பார்த்து நன்றி சொல்லி, உங்கள் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.