ஹார்ட்வுட் என்றாலே கடினமான மரமா?

"ஹார்ட்வுட் என்றால் உறுதியான மரம் என்று அர்த்தமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அகன்ற இலையுள்ள, பூத்துக் காய்க்கும் மரங்கள்தான் ஹார்ட்வுட். பைன், தேவதாரு மாதிரி ஊசியிலை மரங்கள் சாஃப்ட்வுட். நகத்தால் அழுத்தினாலே குழி விழும் பால்சா மரமும் ஹார்ட்வுட்தான்!

பலகை வாங்கும்போது அதன் வெட்டுமுனையைப் பாருங்கள். அடர்நிறமாக இருப்பது வைரம், அதாவது மரத்தின் உள்பகுதி. ஓரத்தில் வெளிறியிருப்பது வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. தேக்கில் கரையானைத் தாங்குவது வைரம்தான். வெள்ளை சீக்கிரம் உளுத்துவிடும். வளையக் கோடுகள் அகலப் பக்கத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது குவார்ட்டர் சான் முறையில் அறுத்த பலகை. விலை கூடினாலும் மேசைக்கு நான் அதைத்தான் சொல்வேன். கோடுகள் வில்லாக ஓடினால், காயக் காயப் பலகை குழிந்து வளைய வாய்ப்பு அதிகம்.

மரத்தை அளந்து விற்கும் அலகுகளில் ஒன்றான போர்டு ஃபுட் என்பது 144 கன அங்குலம். 12 சேர்ந்தால் ஒரு கன அடி.