ஐ.சி.ஆர்.பி. (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) இருக்கும்போது ஐ.ஆர்.பி.ஏ. (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கம்) என்று இன்னொரு சர்வதேசச் சங்கம் எதற்கு? இரண்டும் ஒரே வேலைதானே?

ஒரே வேலை இல்லைங்க. தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஐ.சி.ஆர்.பி. 1928-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த கதிரியக்கவியல் மாநாட்டில் பிறந்த குழு. தேர்ந்தெடுத்த சில நிபுணர்கள் உட்கார்ந்து, கதிர்வீச்சு வேலை செய்பவர் 5 ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வாங்கக் கூடாது, எந்த ஒரு வருடமும் 50-ஐத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைப்பார்கள். சட்டமாக்குவது அந்தந்த நாடு. நம் ஊரில் அந்த 50-ஐ 30 ஆக இறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அளக்கிறவனுக்கு அந்தக் குழுவில் இடம் ஏது? இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் உருவான தொழில் எங்களுடையது, கதிர்வீச்சை அளந்து ஆட்களைக் காப்பது. அமெரிக்காவில் இந்தத் தொழில்காரர்கள் 1950களின் நடுவில் சங்கம் வைத்தார்கள், 1960களில் அதிலிருந்து ஐ.ஆர்.பி.ஏ. கிளைத்தது. இந்த இரண்டு சங்கங்களுக்கும் முதல் தலைவர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்துக் கார்ல் மார்கன்தான். அப்போ அது அமெரிக்கக் கடைதானே என்று ஒருவர் கமெண்டில் வருவார், தெரியும். ஐ.ஆர்.பி.ஏ.வின் முதல் மாநாடு 1966-ல் ரோமில், அடுத்தது 1970-ல் பிரைட்டனில் நடந்தது சார். ஐ.ஆர்.பி.ஏ.வில் உறுப்பினர்களே நாட்டுச் சங்கங்கள்தான், அவற்றின் வழியாகத்தான் நாமெல்லாம் உள்ளே. நம் இந்தியச் சங்கம் 1968-ல் மும்பையில் தொடங்கியது.

இதனால் என்ன பயன் என்று கேட்டால் என் கதையைத்தான் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். கேத் லேபில் (எக்ஸ்ரே பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் அறை) நாள் முழுக்க நிற்கும் டாக்டர் ஒருவர், வாங்கும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய டி.எல்.டி. பேட்ஜை மேசை டிராயரிலேயே விட்டுவிடுவார். மூன்று மாத ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரும், நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம். இது பொய் ரிப்போர்ட் என்று எழுதிக் கொடுத்தேன். "நீங்க எக்ஸ்ரே ஆள்தானே, டாக்டருக்கே பாடமா?" என்றார்கள். (எல்லா டாக்டரும் அப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.) அப்புறம் சங்கக் கூட்டம் ஒன்றில் டீ இடைவேளையில் இதைப் புலம்பினால், பக்கத்தில் நின்றவருக்கும் அதே டிராயர், அதே பூஜ்யம். தன் ஆஸ்பத்திரியில் இதை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்று அவர்தான் சொன்னார்: பேட்ஜ் போடாதவர் பெயரைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவாராம். எந்தக் குழுவின் பரிந்துரையில் இது இருக்கிறது?

சம்பள விஷயம் கேட்காதீர்கள். கதிர்வீச்சைத் தடுக்கப் போட்டுக்கொள்ளும் லெட் ஏப்ரனில் (ஈய அங்கி) விரிசல் என்று படத்தோடு காட்டினாலும் "அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்", அதே மாதம் வரவேற்பறைக்குப் புது சோபா வந்து இறங்கியது.