மாமா சொல்வதிலும் ஒரு கணக்கு இருக்கும்

கேள்வி: கலியாணம் கட்டி மனைவி வீட்டு வளவில்தான் இருக்கிறேன். வயல் மாமாவுடையது, செய்வது நான். சிறுபோகத்தில் எங்கள் வயல் கண்டத்துக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும், அதனால் மூன்று மாத நெல் விதைப்போம் என்றேன். இந்த வட்டைக்கு, அதாவது இந்த வயல்வெளிக்கு, மூன்றரை மாதம்தான் சரி என்று அவர் ஒரே பிடியில் நின்றார். அவர் சொன்னதையே விதைத்தோம், கடைசித் தண்ணீர் போதாமல் பதர்தான் கூட. அதிலிருந்து முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சரியாகச் சொன்னவன் நான். நானா இறங்கிப் போக வேண்டும்? (வெல்லாவெளிப் பக்கத்து வாசகர்)

பதில்: தம்பி, அந்தப் போகத்துக்கு நீங்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். பிஜி 300 மாதிரி மூன்று மாத இனத்துக்கும் பிஜி 94-1 மாதிரி மூன்றரை மாத இனத்துக்கும் இடையில் இரண்டு கிழமை. நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிறவருக்கு, மதகு அடைக்கிற நேரத்தில் அந்த இரண்டு கிழமை என்ன பாடு படுத்தும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தும் மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்பது அதில் எங்கும் இல்லை. ஒரே பிடியில் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் கேட்டீர்களா?

கொஞ்சம் அவர் நிற்கிற வரம்பில் நின்று பாருங்கள். வட்டை முழுக்க மூன்றரை மாத வேளாண்மை நிற்க, நடுவில் உங்கள் கண்டம் மட்டும் முந்திக் கதிர் தள்ளினால் குருவி முதலில் எங்கே இறங்கும்? பால் பிடிக்கிற கதிரைத் தேடுகிற பூச்சியும் அங்கேதான் வரும். சரி, அதையும் தாண்டி விளைந்துவிட்டது என்று வையுங்கள், வெட்டு மெசின் எந்த வழியால் உள்ளே போகும், பக்கத்து வயலின் பச்சைப் பயிருக்கு மேலாலா? நீங்கள் வயலைக் காயவிட வேண்டிய நேரத்தில் மேல்வயலில் தண்ணீர் கட்டி நிற்கும், அது வரம்பால் கசிந்து உங்களிடம்தான் இறங்கும். இதில் எது அவர் மனதில் இருந்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்க வயலில் நின்றவர்கள் பலர் இத்தனை கணக்கையும் "சரிவராது மனே" என்ற ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். கேட்கிற நமக்கு அது வெறும் வீம்பாகப் படும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து லியோனிட் ரோசன்பிளிட், பிராங்க் கைல் என்ற இருவர் 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உடுப்பில் இருக்கிற சிப், கதவுப் பூட்டு, தையல் மெசின் போன்ற சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும், புள்ளி போடுங்கள் என்று ஆட்களிடம் கேட்டார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு, அப்படியானால் படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றதும் எழுத முடியாமல் திணறி, தங்களுக்குத் தாங்களே போட்ட புள்ளியைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் எதிர்த்து வாதாடி அவர்களை மடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதனால் மாமாவிடம் "ஏன் மாட்டேன் என்றீங்க" என்று தொடங்காதீர்கள், அது வழக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். "மாமா, மூன்று மாதம் போட்டிருந்தால் விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும் எப்படிப் போயிருக்கும், சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே விழாமல், முடிந்ததும் நீங்களும் உங்கள் கணக்கை அதே மாதிரி விதைப்பு முதல் வெட்டு வரை சொல்லுங்கள். இரண்டு கணக்கிலும் ஓட்டை தெரியும். எனக்குப் படுவது இதுதான்: நீங்கள் தண்ணீரைப் பார்த்துப் பேசினீர்கள், அவர் தனித்துப் போவதைப் பார்த்துப் பேசியிருப்பார். அப்படியென்றால் கடைசிக் கண்டக்காரர் எல்லாரும் சேர்ந்து மூன்று மாதம் போட்டால் இருவர் சொன்னதும் தீர்ந்தது. அதைப் பேசுகிற இடம் போக ஆரம்பக் கூட்டம். விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கிற, அடைக்கிற திகதியும் எத்தனை மாத இனம் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அதற்கு முன்னமே, வட்டையையும் தண்ணீரையும் பார்க்கிற வட்டவிதானையிடம் போய்ச் சொல்லுங்கள், போகும்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற நம் பக்கத்து வழக்கத்தில் மருமகன் மற்றவர் வளவில் இருக்கிறவர். அங்கே ஒரு சொல் விட்டுக்கொடுத்தாலும் மதிப்புப் போன மாதிரிக் குத்தும், அது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் இப்போது உங்கள் மனைவிதான் அப்பாவுக்கும் புருஷனுக்கும் நடுவில் சாப்பாட்டுக் கோப்பையோடு சேர்த்துச் செய்தியையும் சுமந்து திரிகிறா. அந்தப் பிள்ளைக்காகவாவது இந்தக் கிழமையே கதையுங்கள்.

கேள்வி: வீட்டில் என்னைப் பிடிவாதக்காரி என்கிறார்கள். எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கென்று ஒரு கருத்தே இல்லாமல் போய்விடாதா? (கல்முனை வாசகி)

பதில்: போகாது மகள். காது கொடுப்பது வேறு, தலையாட்டுவது வேறு. எது தெரியவந்தால் என் முடிவை மாற்றுவேன் என்று உங்களையே கேளுங்கள். பதில் வந்தால் உங்களிடம் இருப்பது கருத்து, தைரியமாக வைத்திருங்கள். எது வந்தாலும் மாற்ற மாட்டேன் என்று மனம் சொன்னால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். (அதிலும், படிப்பை நிறுத்து, சம்மதமில்லாத இடத்தில் கட்டு என்கிற பேச்சுகளுக்கு நீங்கள் அசையவே தேவையில்லை.) கண்ணகியம்மன் கோயில்களின் கொம்புமுறி விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, ஒரு கொம்பு முறியும் வரை விடாமல் இழுக்கும். இழுப்பது இரண்டு சேரிக்கும் பொதுவான ஒரே அம்மனுக்காக. வீட்டில் வாதம் சூடாகும்போது, நாம் எல்லாரும் யாருக்காக இழுக்கிறோம் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து வளவுக்காரர் வேலியை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார். மத்தியஸ்த சபைக்குப் போனால் நான் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமா? (ஆரையம்பதி வாசகர்)

பதில்: ஆகாது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் மட்டுமே இணக்கம். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது என்பதால் அயலவர் வாயாலேயே அவர் பக்கத்துக் கதையைக் கேட்கக் கிடைக்கும், நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வது முக்கியமாக அதற்காகத்தான். காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகலாம்.