மாலைப் படகுக்குப் பிறகு

அன்புள்ள சார்,

நான் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரில் வேலை பார்க்கிறேன். இங்கிருந்து கடலுக்குள் இருக்கும் ஆரன் தீவுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மாதம் அவற்றில் ஒன்றான இனிஷ் மான் தீவுக்குப் போனேன். காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பிவிட்டேன். ஐரிஷ் மொழி உயிரோடு இருக்கும் இடம் என்று எழுதியிருந்தீர்கள். வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் இருந்தது உண்மைதான். ஆனால் டீ கொடுத்த அம்மா, வழி சொன்ன பெரியவர் எல்லாருமே என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அரசு மானியத்தில் நிற்கும் காட்சிப்பொருள் மாதிரிதான் தோன்றியது. இருநூறு பேர்கூட இல்லாத தீவில் ஒரு மொழியைக் கட்டிக்காப்பதில் அர்த்தம் உண்டா?

ஒரு வாசகர், கால்வே

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள், சரி. அவர்களுக்குள் எதில் பேசிக்கொண்டார்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லையே. வெளியாள் என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவது அந்த ஊர்க்காரர்களின் மரியாதை. நான் அங்கே கடையில் நின்றபோது, கல்லாவில் இருந்தவர் எனக்கு மீதிச் சில்லறையை ஆங்கிலத்தில் எண்ணிக் கொடுத்தார். அடுத்த நொடியே பின்னால் நின்ற பெண்ணிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஐரிஷில் பேச்சைத் தொடர்ந்தார். பகலில் போய்வருகிறவர் எங்கே நின்றாலும் அங்கே பேச்சு அவருக்காக மாறிவிடுகிறது. மாலைப் படகு கிளம்பிய பிறகு தீவில் கேட்பது ஐரிஷ்தான்.

நடந்துபோகும்போது அந்தக் கல் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மண் மிகக் குறைவு. பாறை இடுக்குகளைச் சிறு கற்களால் அடைத்து, மேலே மணலையும் கடற்பாசியையும் மாற்றி மாற்றிப் பரப்பி, அந்த மக்களே மண்ணை உண்டாக்கி உருளைக்கிழங்கு போட்டார்கள். பொறுக்கிய கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிச் சுவராக்கினார்கள். கற்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். காற்று அந்த இடைவெளி வழியே புகுந்து போய்விடுவதால் சுவர் சாய்வதில்லை. பல வயல்களுக்குக் கதவே கிடையாது. மாட்டை உள்ளே விட வேண்டுமானால் ஓரிடத்தில் கற்களை இறக்கி வைத்து, மாடு போனதும் திரும்ப அடுக்குவார்கள். இந்த வேலையெல்லாம் காலங்காலமாக ஐரிஷில் பேசிக்கொண்டேதான் நடந்திருக்கிறது. வேலை செய்ய ஆள் இருக்கும்வரைதான் அந்தப் பேச்சும் இருக்கும்.

அயர்லாந்தின் தென்மேற்கே, கெர்ரி கடற்கரைக்கு அப்பால் கிரேட் பிளாஸ்கெட் தீவில் ஒரு காலத்தில் 150 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். எல்லாரும் ஐரிஷ் பேசியவர்கள். அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியதால் அங்கே மொழி போகவில்லை. மருத்துவர் இல்லை, கடல் கொந்தளித்தால் படகு இல்லை, இளையவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். 1947-இல் புயலில் சிக்கி, உணவு அனுப்பச் சொல்லிப் பிரதமர் டி வலேராவுக்கே தந்தி அடித்தார்கள். 1953-இல் மிஞ்சியிருந்த இருபது சொச்சம் பேரையும் அரசு கரைக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே இருப்பவை பெரும்பாலும் இடிந்த வீடுகள்.

மானியம் என்று நீங்கள் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். கரையில் இருப்பவர்களுக்கு அரசு சாலை போட்டுக் கொடுக்கிறது. தீவுக்காரருக்குப் படகுதான் சாலை. அதற்குக் கொடுக்கும் பணத்தைத் தயவாகப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. இனிஷ் மானில் 1976-இல் தொடங்கிய பின்னலாடை நிறுவனம் ஆரன் ஸ்வெட்டர்களை உலகம் முழுக்க விற்கிறது. சின்ன விமானம் ஒன்று சில நிமிடங்களில் கரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. தீவிலேயே மேல்நிலைப் பள்ளி இருப்பதால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. பள்ளியும் சம்பளமும் இருப்பதால்தான் அங்கே இளம் குடும்பங்கள் நிற்கின்றன.

இருநூறு பேருக்காகவா என்று கேட்டீர்கள். 2022 கணக்கெடுப்பில், அயர்லாந்துக் குடியரசில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். அவர்களிலும் ஐரிஷ் பேசும் பகுதிகளில் இருப்பவர்கள் 20,000 சொச்சம். மற்றவர்களுக்கெல்லாம் அது பெரும்பாலும் வகுப்பில் படித்த பாடம். சண்டை போடவும் கடன் கேட்கவும் குழந்தையை அதட்டவும் அதே மொழி வருகிற ஊர்கள் மிகக் குறைவு, அவற்றில் இனிஷ் மான் ஒன்று. அந்த இருநூறு பேர் எனக்குச் சின்ன எண்ணிக்கையாகத் தெரியவில்லை.

இன்னொரு முறை போங்கள், ஓர் இரவாவது தங்குங்கள். கோடையைவிடச் செப்டம்பர் நல்லது. கடல் சரியில்லையென்றால் படகு வராது, மறுநாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டே கிளம்புங்கள். அறைகள் குறைவு, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.