ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

கேள்வி: சென்னையில் அக்கவுண்ட்ஸ் வேலையில் இருக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்துக்கு வீட்டிலிருந்தபடியே இலவசமாகக் கணக்கு பார்த்துக் கொடுத்தேன். ஏப்ரலில் ஆபீஸ் ஆடிட் வந்ததால் தொடர முடியவில்லை. இன்னமும் என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. வருமான வரி போர்ட்டல் ஓடிபிகூட என் நம்பருக்குத்தான் வருகிறது. இப்போது வேறு இரண்டு தொண்டு நிறுவனங்களுக்குச் செய்ய ஆசை. ‘சம்பளமில்லாத வேலைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை லேப்டாப்பா?’ என்கிறார் கணவர். எப்படிப் புரியவைப்பது?

பதில்: கணவர் இருக்கட்டும். அந்த ஓடிபி ஏன் இன்னும் உங்களுக்கு வருகிறது?

நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி ரசீது கொடுக்கும் அறக்கட்டளை, நன்கொடை தந்தவர்களின் 10பிடி பட்டியலை மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். ஏப்ரலில் கைகழுவினீர்களே, மே மாதம் யார் செய்தது? கடிதத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இல்லத்துப் பெரியவர் போன் செய்யும்போது நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். நீங்கள் திருப்பி அழைப்பதற்குள் பதினைந்து நிமிடம் ஓடி, ஓடிபி செல்லாமல் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. சும்மா செய்து கொடுத்த பெண்ணை அவர் எப்படிக் கடிந்துகொள்வார்?

மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் யாரும் சம்பளம் தருவதில்லை. ஆடிட் என்று அதை நிறுத்துவீர்களா?

இந்த வாரமே போர்ட்டலில் நம்பரை மாற்றுங்கள். டாலி கணக்கு மென்பொருளின் பேக்கப், நன்கொடையாளர்களின் பான் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்படையுங்கள். மே பட்டியல் போகவில்லையென்றால் முடித்துக் கொடுங்கள். தாமதக் கட்டணத்தில் பாதியை உங்கள் கையிலிருந்து போடுங்கள். (கோபம் வந்தால் வரட்டும்.)

தெரிந்த தொழில் என்பதற்காகவே கணக்கைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் ஆபீசில் மூச்சுவிட நேரமில்லாத ஏப்ரல், மே மாதங்களில்தான் அறக்கட்டளைக்கும் ஆள் வேண்டும். உங்கள் கண்ணும் குரலும் போதும் என்கிற வேலைகளும் உண்டு. பி மை ஐஸ் செயலியில் பார்வையற்றவர் ஒருவர் வீடியோவில் அழைத்து, மருந்து அட்டையின் தேதியைப் படிக்கச் சொல்வார். நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பு இன்னொரு தன்னார்வலருக்குப் போய்விடும், யாரும் காத்துக் கிடக்க வேண்டாம். கணக்குதான் என்றால், ஒரே ஒரு இல்லம், ரசீதுப் பதிவு மட்டும். உங்களோடு இன்னொருவரும் அதைப் பழகியிருக்க வேண்டும்.

கணவர் சம்பளத்தை இழுத்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பிறகு புரியவைக்க வழி தேடுவது சரியில்லை. வேலை நெருக்கும் நாட்களில் ராத்திரிச் சமையல் யாருடையது என்று அவரோடு பேசி முடித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் ‘இப்போது இயலாது’ என்று இன்றே எழுதிவிடுங்கள்.